பிஸ்கட் டின்னில் எட்டுக்கால் பூச்சி

அப்பாவின் கருமாதிக்காக ரவாங் ஊரிலுள்ள எங்கள் வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அழுது ஓய்ந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. விளக்குமாறு பட்டு ஓர் எட்டுக்கால் பூச்சி தரையில் விழுந்தது. ஒரு கால் ஒடிந்து தொங்கியது.

நான் சிறுமியாக இருந்தபோது, அம்மாவின் கருமாதிக்கு முன்னாலும் இப்படித்தான். கோலசிலாங்கூர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டை அப்பா முதன்முறையாகக் கூட்டினார். அடிபட்டு விழுந்த பூச்சியை, பிஸ்கட் வாசம் போகாத ஒரு டின்னில் போட்டு, நனைத்த பஞ்சைப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டு வந்ததும் டின்னைத் திறந்து பார்ப்பார்.

"தண்ணி குடிச்சிச்சாம்மா?"

"குடிச்சிச்சுப்பா."

எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் பூச்சி கால்களை மடக்கி மல்லாந்து கிடந்தது. அப்பாவும் பார்த்தார். சத்தமில்லாமல் மூடியை மூடினார். மறுநாள் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றியபடியே கேட்டார்.

"தண்ணி குடிச்சிச்சாம்மா?"

"குடிச்சிச்சுப்பா" என்றேன். பஞ்சை மறுபடியும் நனைத்து வைத்தேன்.

இப்போது ரவாங் வீட்டில், தரையில் கிடந்த பூச்சியை எட்டிப் பார்த்து, "அது செத்துப்போச்சுலா, அம்மா. கூட்டித் தள்ளுங்க" என்றான் என் மகன்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன்.

"கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு வாய்யா. நனைச்சு எடுத்துட்டு வா."