நானே வாங்கி வந்த புத்தகம்

எண்பதுகளில் நாங்கள் சிங்கப்பூரில், பூன் லேயில் குடியிருந்தோம். சனிக்கிழமை மதியங்களில் என் மகள் மாலதியும் அவளுடைய கல்லூரித் தோழிகள் இருவரும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். யாருக்கு என்ன சக்தி என்று போட்டிருக்கும் விளையாட்டுப் புத்தகத்திலிருந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நடத்த வேண்டும். ஆள் குறைந்ததால் என்னையும் உட்கார வைத்தார்கள். எனக்கு வைத்தியக்காரி வேடம். "எழுந்திரு" என்று நான் சொன்னால் செத்தவரும் எழுவார். வெளியே வாய் திறக்கவே கூசும் நான், அந்த மேசையில் சத்தமாகவே சொல்வேன்.

எல்லாம் புதுக் கதாபாத்திரங்கள் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, மாலதியின் பிறந்தநாளுக்கு அதே விளையாட்டுக்கான இன்னொரு புத்தகம் வாங்கி வந்தேன்.

புரட்டிப் பார்த்தவள், "பழைய ஆளுங்களையே திரும்ப அச்சடிச்சிருக்காங்கம்மா. சிலதை மட்டும் மாத்திருக்காங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்றைய ஆட்டத்தில் தோழி சாந்தியின் வீரன் செத்தான். "எழுந்திரு" என்றேன்.

மாலதி புதுப் புத்தகத்தில் விரல் வைத்தாள். "முடியாதும்மா. இதுல வைத்தியக்காரிக்கு அந்தச் சக்தி இல்ல."

"பழசை வச்சே ஆடலாமே."

"புதுசு வந்தா அதான் ரூல் லா."

"ஆண்ட்டி, காசு குடுத்து உங்க வாயை நீங்களே அடைச்சிட்டீங்க" என்று சாந்தி சிரித்தாள். மாலதியும் சேர்ந்து சிரித்தாள்.

தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் மாலதி கூப்பிட்டபோது தலைவலி என்றேன். சரியென்று போய்விட்டாள்.

கடைக்காரர் ஏமாற்றியது எப்போதோ ஆறிவிட்டது. மகள் சிரித்தது ஆறவில்லை. அன்று இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். இதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.