வாசனை பேசாத வீடு

என் அண்ணிக்கு வாசனை தெரியாது. சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் சென்ட் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாலும் தெரியாது. இப்பேர்ப்பட்டவர் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? காற்றில் விஷவாயு கலந்தால் மோப்பம் பிடித்துச் சொல்லும் கருவி செய்வது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் ஒரு வாரம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை செய்கிற இடம் ஓர் ஆராய்ச்சி நிலையம். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஓர் இரும்புக் கூண்டுக்குள், சின்னச் சில்லின்மேல் வெள்ளீய ஆக்சைடைப் படலமாகப் படிய வைப்பார்கள். ஒரு தலைமுடியை நூற்றுக்கணக்கான ஏடுகளாக உரிக்க முடிந்தால் அதில் ஓர் ஏடு இருக்கும் கனம்தான் படலம். அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அம்மோனியா வந்து பட்டால் அதில் மின்சாரம் ஓடும் விதம் மாறும், உடனே அதை வைத்திருக்கும் பெட்டி அலறும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதற்காக அண்ணி பண்ணுகிற ஆசாரம் இருக்கிறதே! வேலை நாளில் பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. உறை போடாத விரல் சில்லின்மேல் பட்டால் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஐஸ் தொழிற்சாலை. தண்ணீரை உறைய வைக்க அங்கே குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் குழாயில் எங்கோ விட்டுப்போய் வாயு கசிந்தது. நான் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரே ஓடி வருகிறது. அண்ணியைக் காணோம். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் கொல்லையில் நிதானமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு எரியுதும்மா. சோப்பு பட்டுடுச்சு போல" என்றார்.

இழுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் போட்டோம். இருமல் நின்ற பிறகு அண்ணி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல." சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன், பெரிய ஆள், அவனும் சேர்ந்து அழுதான்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு வழக்கங்கள் வந்தன. ஒன்று, வீட்டில் இருக்கும்போது அண்ணியைத் தனியாக விடக்கூடாது. மூக்குள்ள ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். வீட்டிலேயே தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள் நான்தான் என்பதால் அந்தப் பதவி எனக்கு வந்தது. இரண்டாவதை யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது. அண்ணி முன்னால் வாசனையைப் பற்றி மூச்சு விடமாட்டோம். பூ மணத்தாலும் சரி, சாக்கடை நாறினாலும் சரி, வாயை மூடிக்கொள்வோம். அவர் மனசு நோகக்கூடாதாம். நாங்கள் அவ்வளவு நல்லவர்கள்!

இந்தச் சமயத்தில் எனக்கு ஒரு வேலை தேடி வந்தது. சீருடை தைக்கிற தொழிற்சாலையில், துணி வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மாசக் கடைசி வரை காத்திருக்கிறோம் என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அவளோட பெட்டி சரியாயிடட்டும். அது இருந்தா நீ கூட இருக்கணும்னு இல்ல."

பெட்டி சரியாகிற மாதிரி தெரியவில்லை, அதுதான் சிக்கல். வெளியில் வைத்துச் சோதிக்க அண்ணி எங்கள் தெருவையே கேட்டு வாங்கியிருந்தார். கம்பங்களில் சில பெட்டிகள், எங்கள் கொல்லை ஜன்னலில் ஒன்று. சாயந்தரமானால் அண்ணி ஒரு சின்னப் புட்டியில் அம்மோனியா கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டுவார். பெட்டி அலறும், தெருப் பிள்ளைகள் குதிப்பார்கள். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. அப்புறம் ஒவ்வொரு பெட்டியாக ஊமையாகிப் போனது. புதுப் படலம் மாற்றினார். அதுவும் ஒரு வாரம், அப்புறம் ஊமை. ஆய்வகத்தில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கிற படலம் எங்கள் தெருவுக்கு வந்தால் மட்டும் செத்துப் போகிறது. தூசியா, ஈரமா, வெயிலா என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணியின் பேராசிரியர் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு தடவை பார்ப்போம். அதுவும் போச்சுன்னா இந்தப் படலத்தை மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

அன்று அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லைப்படியில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பெட்டிகளின் மூடி இடுக்கில் மழை புகாமல் பசை பூசிக்கொண்டிருந்தார். பசைத் துப்பாக்கி எதிர்வீட்டு பிளம்பர் கொடுத்தது. நான் கதவோரம் மெஷினில் இருந்தேன். தலையை வலித்தது. அந்தப் பசையின் நெடி வேறு. காடியைக் கொட்டின மாதிரி ஒரு புளிச்ச நெடி, ஒவ்வொரு தடவை பூசும்போதும் இதே கதைதான். மாசக் கடைசிக்கு வேறு மூன்றே வாரம். எனக்குப் பொறுமை என்பது என்றைக்குமே நூல்கண்டில் கடைசிச் சுற்று மாதிரிதான். அறுந்தது.

"அண்ணி, அந்தக் கருமத்தைத் தள்ளி வெச்சுப் பூசக்கூடாதா? புளிச்ச நாத்தம் குடலைப் புடுங்குது!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணியின் கை அப்படியே நின்றது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாறுதா?" என்றார்.

"இல்ல அண்ணி, நான் ஏதோ..."

"மழுப்பாத. புளிச்ச நாத்தமா? வினிகர் மாதிரியா?"

"ஆமா."

"இன்னைக்கு மட்டுமா, முன்னாடியும் இருந்துச்சா?"

"முதல் நாள்ல இருந்தே. பூசி மறுநாள் வரைக்கும் ஜன்னல் பக்கம் போக முடியாது."

"ஏன்டி சொல்லல?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. "எப்படி அண்ணி சொல்றது..." என்று இழுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. துப்பாக்கியைக் கழற்றி, டியூப்பின்மேல் எழுத்தை மறைத்து அப்பியிருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். எழுத்து தெரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் கிலி பிடித்துவிட்டது.

"சிலிக்கோன்! எங்க லேப் வாசலைக்கூட மிதிக்கக் கூடாத சாமான் இது. சிலிக்கோன் இல்லாத பசையாப் பார்த்துக் கொடுங்கன்னு கேட்டேன். அதேதாம்மா இதுன்னு கொடுத்தாரே அந்த மனுஷன்!"

அப்புறம் எனக்குப் புரியும்படி சொன்னார். அந்தப் பசை காய்ந்த பிறகும் நெடி தெரியாத ஓர் ஆவியை விட்டுக்கொண்டே இருக்குமாம். சூடான படலத்தின்மேல் அது பாலாடை மாதிரி மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் அம்மோனியா எங்கே போய்ப் படும்? அந்தப் புளிச்ச நெடிதான் சிலிக்கோன் பசைக்கு அடையாளமாம். அவர் லேப்பில் மூக்குள்ள யாராயிருந்தாலும் முதல் அமுக்கிலேயே இது வேறு பசை என்று கண்டுபிடித்திருப்பார்கள். மூக்குள்ளவர்கள் இரண்டு பேர் அதே வீட்டில்தான் இருந்தோம், ரொம்ப நாசூக்காக மூச்சை அடக்கிக்கொண்டு.

பசை பட்ட பெட்டி ஒன்றையும் அண்ணி விட்டு வைக்கவில்லை. புதுப் பெட்டிகள், புதுப் படலங்கள், மூடிக்குக் கீழே சாதாரண ரப்பர் பட்டை. அந்தப் பட்டையையும் முதலில் என்னிடம் நீட்டி, "மோந்து பார்" என்றார். முதல் வாரம் போயிற்று. ஊமையாகிற நாள் வந்தது. அண்ணி புட்டியைத் திறந்தபோது அண்ணன் சாமி கும்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பெட்டி அலறியது. மறுவாரமும் அலறியது. மாசக் கடைசியன்றும், காது கிழிகிற மாதிரி, எங்களுக்கெல்லாம் கொள்ளை நிம்மதியாக அலறியது. மறுநாள் நான் வேலைக்குப் போனேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், அண்ணி விடுப்பில் வீட்டில் தனியாக இருந்தார். கொல்லை ஜன்னல் பெட்டி அலறியது. புட்டி ஆய்வகத்தில் இருக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணி ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு வெளியே வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார். பிளம்பர் தூக்கக் கலக்கத்தில் வந்து காற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாத்தமும் இல்லையேம்மா" என்றாராம்.

"உங்க மூக்கை நம்பி நான் பட்டது போதும். வெளிய வாங்க!"

தெரு காலியாகி எல்லோரும் மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நெடி வந்ததாம். தொழிற்சாலையில் வால்வை அடைத்தார்கள். இந்தத் தடவை ஒருவருக்கும் இருமல்கூட இல்லை.

செய்தி கேட்டு நான் வெட்டுகிற துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அண்ணி ஒரு கடைப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோடென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

"சரி சரி, அழுகையை நிறுத்து. இன்னைக்கு வந்த நாத்தம் எப்படி இருந்துச்சுன்னு பிளம்பரைக் கேட்டா சொல்லத் தெரியல அவருக்கு. நீ சொல்லு."

"எனக்கு எப்படி அண்ணி தெரியும்? நான் இங்க இல்லையே. வேலையில இருந்தேன்."

"ஆமாம்ல" என்றார் அண்ணி. "நீ வேலையில இருந்தே." அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.