அண்ணாச்சி வெளியே நிற்கட்டும்

எங்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது. பிரிவையும் அப்படியே பேசி முடித்தார்கள். முத்தையாபுரத்தில், என் கணவரின் பலசரக்குக் கடை மாடியில் இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, நகையைத் திருப்பிக் கொடுத்து, கலர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். "ஏளா, எல்லாம் முடிஞ்சு போச்சு. இனி அவன் யாரோ, நீ யாரோ" என்றார் என் பெரியப்பா. நானும் நம்பினேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்கப் போன இடத்தில், கோர்ட் தீர்ப்பு எங்கே என்று கேட்டார்கள். ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினேன். முத்திரைத்தாளை அவர் முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

"இது செல்லாதும்மா. சட்டப்படி நீங்க இன்னும் புருஷன் பொண்டாட்டிதான். ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடணும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் மறுபடி வந்து சம்மதம் சொல்லணும். நடுவுல ஒருத்தர் மாட்டேன்னுட்டா அவ்வளவுதான்."

பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார் எல்லாவற்றையும் தேடி எடுத்து மனு போட்டோம். முதல் வாய்தாவுக்கு என் கணவரின் அண்ணனும் வந்து பின்னால் நின்றார். சம்மதமா என்று நீதிபதி கேட்டதும் இவர் திரும்பி அவரைப் பார்த்தார். அண்ணன் தலையாட்டினார். பிறகு இவரும் தலையாட்டினார்.

எங்கள் குடித்தனமே அப்படித்தான் நடந்தது. சினிமாவுக்குப் போவதென்றாலும் அண்ணனுக்கு ஒரு போன். தனியாக வீடு பார்ப்போம் என்று நான் கெஞ்சியபோதும், "அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். அந்தப் பதிலுக்குக் காத்திருந்து சலித்துத்தான் நான் வெளியேறினேன்.

மில்லர்புரத்து வாடகை வீட்டில் அந்த ஆறு மாதமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த ஜன்னலையே துடைப்பேன். துறைமுகத்து லாரிகள் போகப் போகத் தூசி மறுபடி வந்து படியும். போன் அடித்தால் யாருடைய நம்பர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அவருடைய அண்ணன் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? பெரியப்பாவுக்கு என் தவிப்பே புரியவில்லை. "அன்னைக்கே அத்துவிட்டாச்சுல்லா, பொறவு என்னத்துக்குக் கோர்ட்டு?" என்றார். அவரிடம் எரிந்து விழுந்தேன். என் கணவருக்கும் மனசு என்று ஒன்று இருப்பதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை வேறொரு நீதிபதி, பெண். எங்களைத் தவிர எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். என் கணவர் கதவையே பார்த்தார்.

"எங்க அண்ணாச்சி வந்திருக்காவ..."

"அவர் வெளியே நிற்கட்டும். உங்களைத்தான் கேட்கிறேன். யாராவது வற்புறுத்துறாங்களா?"

கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் சொல்லலைம்மா. நானாத்தான் சொல்லுதேன். அவ மனசுபோல இருக்கட்டும். எனக்குச் சம்மதம்."

குரல் நடுங்கவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தக் குரலில் ஒரே ஒரு தடவை, வா, தனி வீடு பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் நான் ஏன் இங்கே வந்து நிற்கப்போகிறேன்?

நீதிபதி என் பக்கம் திரும்பினார். என் கணவர் சம்மதம் சொல்வாரா மாட்டாரா என்று ஆறு மாதம் தவித்தவள் நான். என்னைக் கேட்டபோது சம்மதம் என்று சொல்ல வாய் வரவில்லை. நீதிபதி இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.