இரண்டு விரல் இடைவெளி

காலை ஆறரை மணிக்குத் தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில், அக்கா குதிகால் இரண்டையும் சுவரோடு ஒட்டிவைத்து, தலையை முடிந்த மட்டும் பின்னால் தள்ளி நிற்பார். "அளந்து சொல்லு புள்ள" என்பார். அவருடைய பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவில் நான் விரலை நுழைத்துப் பார்ப்பேன். "ரெண்டுதான்க்கா" என்றதும், யாரையோ தோற்கடித்துவிட்டவர் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நாங்கள் ஒரே ஷிப்ட். எனக்கு மட்டுமல்ல, அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருக்கு முதுகெலும்பில் வாதம். எலும்புக் கணுக்களில் அழற்சி உண்டாகி, கவனிக்காமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முதுகையே வளைத்துவிடும் நோய். தலைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கூடினால் வளைவு கூடுகிறது என்று பொருள். கிளினிக்கில் டேப் வைத்து அளப்பார்கள், எங்களுக்கு விரல் போதும். இளம் வயதில் தொடங்கிய வலியை வாயு என்றார்கள், பிள்ளை பெற்ற இடுப்பு என்றார்கள், வேலைக்குக் கள்ளம் என்றும் சொன்னார்கள். நோயின் பெயர் தெரியவே பத்து வருடம் ஆயிற்று.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. ஓய்வெடுத்தால் வலி கூடும், நடமாடினால் குறையும். அதனால் அக்கா ஓய்வு என்ற சொல்லையே எதிரியாகப் பார்த்தார். விடியும் முன்னே எழுந்து முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி செய்வார். செமிலிங்கில் கம்பெனி பஸ் ஏறினால் உட்காரவே மாட்டார். சுங்கை லாலாங்கில் நான் ஏறும்போது மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர் மட்டும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருப்பார். ஸ்டோரிலிருந்து உற்பத்தி லைனுக்கு ட்ராலியில் சாமான் தள்ளிப் போகும் வேலையை அவரே கேட்டு வாங்கியிருந்தார். நாள் முழுக்க நடை. வேலையை விட்டு வீட்டில் முடங்கினால் முதுகு அப்படியே இறுகிவிடும் என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு காரியம் செய்தேன். மழை பெய்த ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கக் காலைத் தூக்க முடியாமல் அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டேன். மனசு தாங்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய், "பாவம் சார், அக்காவுக்கு உக்கார்ற வேல குடுங்கலா" என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், இரக்கப்பட்டு உடனே மாற்றிவிட்டார். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "ஒங்க நல்லதுக்குத்தான்க்கா" என்று சூப்பர்வைசர் முடித்துவிட்டார். புண்ணியம் தேடிக்கொண்ட பெருமையில் நான் மிதந்தேன்.

புதிய வேலை, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வில்லைமேல் குனிந்து சின்னச் சின்னப் பாகங்களைச் சோதிப்பது. நினைத்தபோது எழுந்திருக்க முடியாது. இரண்டாவது வாரம் சுவரோரம் மூன்று விரல் நுழைந்தது. நாலாவது வாரம் நான்கு. சாப்பாட்டு மேசையை இரண்டு கையாலும் ஊன்றித்தான் எழுந்தார். அன்றைக்கு, அந்த வேலையைக் கேட்டது நான்தான் என்ற உண்மையை அழுகையோடு அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஒன்ன யாரு கேக்க சொன்னா? என் ஒடம்புக்கு நீ என்ன லாயரா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லி அவர் நாற்காலியைக் காட்டினார். அக்கா அதைத் தாண்டிப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று, "அள" என்றார். விரல்களை நுழைத்தேன். "நாலு" என்றேன்.

"ட்ராலி தள்ளுனப்ப ரெண்டு, தம்பி. ஒங்க நாற்காலில உக்காந்த பொறவு நாலு. டாக்டர் லெட்டரும் இருக்கு, படிங்க. நடக்கணும்னு எழுதியிருக்காரு."

"சாமானோட விழுந்துட்டீங்கன்னா யாரு பதில் சொல்றது, அக்கா?"

"விழுந்தா எழுந்திருச்சிருவேன் தம்பி. உக்காந்தாதான் எழுந்திருக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். திங்கட்கிழமை ட்ராலி அக்கா கைக்குத் திரும்பி வந்தது. முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தள்ளினார். உதவிக்குப் போன என்னைப் பார்த்த பார்வையில் நான் பின்வாங்கிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் நான்கு மூன்றாயிற்று. இரண்டுக்கு அது திரும்பவே இல்லை. நோயின் போக்கு அப்படி, நாற்காலிமீது பழி போட முடியாது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். அக்காவும் அதையேதான் சொல்கிறார். நான் நம்பவில்லை. அந்த மூன்றாவது விரல் நான் செய்த உபகாரம்.

நான் வேலையை விட்டு, கல்யாணமாகி, பாக்கார் ஆராங்கில் குடியிருக்கிறேன். அக்கா இன்னும் ட்ராலி தள்ளுகிறார். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவர், வாசற்சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். நான் விரலை நுழைத்தேன்.

"கூடலல்ல?"

"கூடலக்கா. மூணுதான்."

"அப்ப செருப்ப மாட்டு, நடப்போம்" என்று சொல்லிவிட்டு, எனக்காகக் காத்திராமல் சாலையில் இறங்கிவிட்டார்.