காற்றுக்கு நேராக நிறுத்திய வான்

கிண்ணியாக் கரையில் கச்சான் காற்று வலுக்கிறது. உள்ளேயே சமைத்து, உறங்கி நாங்கள் பயணம் செய்யும் வான் பக்கவாட்டில் ஆடுகிறது. தேநீர்க் கடைக்காரர் ஓடி வருகிறார்; அண்ணன் முறையில் 'நானா' என்றே அவரை அழைக்கிறோம்.

"தங்கச்சி, அந்த வாகை மரத்துக்குக் கீழ விடுங்க. காத்துப் படாது."

"கொப்பு முறிஞ்சா கூரை தாங்காது, நானா," என்கிறாள் என் மனைவி வதனி. வானைத் திருப்பி, முகப்பைக் காற்றுக்கு நேராக நிறுத்துகிறாள். உள்ளே நிமிர்ந்து நிற்பதற்காக உயர்த்தியிருந்த வானின் கூரையை இறக்கிப் பூட்டுகிறாள். நான் சில்லுகளுக்குக் கல் வைக்கிறேன். ஆட்டம் அடங்குகிறது.

சற்று நேரத்தில் வாகைக் கொப்பொன்று முறிந்து, அவர் காட்டிய இடத்திலேயே விழுகிறது.

கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். "கெட்டிக்காரிதான். ஆரு பழக்கின, நீங்களா?"

"இல்லை நானா. எனக்கு வான் ஓடப் பழக்கினதே அவதான்," என்கிறேன், காற்றை மீறிக் கேட்கும்படி சத்தமாக.