நட்டக் கணக்கு யாருதுங்க?

காந்திபுரம் பேருந்து நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்கிறேன். சுவர் டிவியில் செய்தி. கட்சித் தலைவர் ஒருவரின் வருமான வரிக் கணக்கைச் சட்டமன்றக் குழு பார்க்கலாமா என்ற வழக்கு மறுபடியும் தள்ளிவைப்பு. அது அவருடைய அந்தரங்கம் என்கிறார் வக்கீல்.

எனக்கு முன்னால் நிற்பவர் பீளமேட்டில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். மகளின் கல்விக் கடனுக்காக வங்கி இவரது வரிக் கணக்கை மூன்றாம் முறையாகக் கேட்கிறது. இன்று கொடுக்காவிட்டால் கல்லூரியில் கிடைத்த இடம் போய்விடும்.

கடைக்காரப் பெண் நகலெடுத்த தாளைத் தூக்கிக் காட்டுகிறாள்.

"ஏனுங்க, நட்டம்னு போட்டிருக்கே, இது யாருதுங்க?"

வரிசையே திரும்பிப் பார்க்கிறது.

"என்னுதுதானுங்க அம்மணி."

"நீங்களும் கோர்ட்டுக்குப் போங்களேன்" என்கிறேன்.

"போனா, தீர்ப்பு வரதுக்குள்ள புள்ள பேத்தியே எடுத்துருவாளுங்க."

"மங்கலா உழுந்திருக்குது. இன்னொருக்கா எடுக்கட்டுங்களா?" என்கிறாள் அவள்.

"எடுங்க அம்மணி. பார்க்காதவங்க இன்னும் யாராச்சும் இருப்பாங்க."