அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் ஒரு பச்சை ஹோஸ்

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. மலம் அதில்தான் வந்து சேரும். சரியாக ஒட்டினால் வாடையே வராது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் காரிமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டில் வாடை வந்தது. வாசற்படி ஏறும்போதே குமட்டும். பார்க்க வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்தார்கள். இப்படி விசாரிப்பதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

அப்பா சாப்பாட்டைக் குறைத்தார். சாப்பிட்டால்தானே பை நிறையும், நிறைந்தால்தானே நாறும் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். கம்பைநல்லூரிலிருந்து நான் பஸ் ஏறிப் போகும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இளைத்திருப்பார். களியை உருண்டை உருண்டையாக முழுங்கிய மனுஷன், அரை டம்ளர் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பசிக்கலீங்களாப்பா?"

"பசியே இல்ல சாமி."

அண்ணி கெட்டவள் இல்லை. முகம் சுளிக்காமல் பையை மாற்றிவிடுவாள். ஆனால் ஒருநாள், "நானும் எத்தன தடவதான் பினாயில் ஊத்தறது?" என்று அலுத்துக்கொண்டது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கே போர்வையைச் சுருட்டிக்கொண்டு கொல்லையிலிருந்த மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். அண்ணன் தடுக்கவில்லை. பெற்ற அப்பன் மோட்டாருக்குப் பக்கத்தில் படுப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த முறை நான் போனபோது அப்பா வீட்டில் இல்லை. வாடை மட்டும் அப்படியே இருந்தது.

"அவரே இல்ல, இன்னும் எப்பிடிண்ணா நாறுது?"

"மெத்தையில ஊறிப் போயிருக்கும்."

மெத்தையை இழுத்துக் கொண்டுபோய் வரப்போரம் கொளுத்தினோம். வாடை போகவில்லை. நான் வெந்நீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறையைத் துடைக்க உட்கார்ந்தேன். கட்டிலை நகர்த்தினேன். சுவரோரம் மூடியிருந்த பலகையைத் தூக்கினால், கீழே ஒரு பச்சை ஹோஸ். அதையும் சூடாக ஒரு துடை துடைத்துவிட்டுத் துணியை மூக்கருகே கொண்டுபோனேன். ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் குத்துக்காலிட முடியாதென்று, பையைக் காலி செய்யவும் வசதியாக, அந்த அறையின் மூலையிலேயே ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வெளியிலிருக்கும் தொட்டிக்குக் குழாய் போக வேண்டும். கிணறு வற்றிய பிறகு, டீசல் எஞ்சினில் தண்ணீர் உறிஞ்சிய ஹோஸ் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட மனசு வராது. "இது எத்தன தண்ணியத் தாங்குனது, இதத் தாங்காதா?" என்று அப்பாவே எடுத்துக் கொடுத்தாராம். ஹோஸ் தாங்கத்தான் செய்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் நடுவில் தொய்ந்த இடத்தில் கழிவு தேங்கித் தேங்கி, நாற்றம் அதன் உடம்பையே ஊடுருவி வெளியே வந்துகொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் அப்பா தலைவைத்துப் படுத்திருந்தார்.

மறுநாள் பிளம்பர் வந்து ஹோஸைக் கழற்றிவிட்டுச் சரிவாகக் கெட்டிக் குழாய் போட்டார். சாயங்காலம் வீட்டில் ஈரச் சிமெண்ட் வாசனை மட்டும்தான் இருந்தது. நான் மோட்டார் ரூமுக்கு ஓடினேன்.

"உங்க பை இல்லீங்கப்பா. அந்த ஹோஸுதான் நாறுச்சு. மாத்தியாச்சு."

"அப்ப நானில்லியா?" என்றார். பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி உதடு பிதுங்க, "பசிச்சுது சாமி. தெனமும் பசிச்சுது" என்றார்.

அண்ணி அழுதுகொண்டே களி கிண்டினாள். அப்பா ஆசையாகத்தான் உட்கார்ந்தார். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இறங்கவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

காரியத்தன்று கூடம் நிறைய ஆட்கள். பந்தியில் உட்கார்ந்த ஒன்றுவிட்ட அத்தை மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார்: "பாத்தியா, அவரு போனாரு, வாடையும் அவரோடவே போயிடுச்சு."

நான் பின்பக்கம் போனேன். தென்னை மரத்தடியில் கிடந்த ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவே, அத்தையின் இலைக்கு முன்னால் போட்டேன். அண்ணன் எழுந்து ஓடிவந்தான்.

"மோந்து பாருங்க அத்த," என்றேன். "நாறுனது இதான், இது போவல. போனது எங்கப்பா."

அத்தை முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.